சிறுநீரகத்துக்குள் என் மாமா

எங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தீர்த்தம் என்று பெயர். உள்ளே போகிறவரைக்கும்தான் அந்தப் பெயர். வெளியே வந்த பிறகு அதற்குப் பெயரே கிடையாது. சுண்டுவிரலைக் காட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போவதோடு சரி. அந்தப் பெயரில்லாத வஸ்துவைப் பற்றி ஒருநாள் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசி, அதன் பலனாக ஒரு நிரந்தர உத்தியோகமும் ஒரு நிரந்தர மனைவியும் அடைந்தவன் ஸ்ரீரங்கம் தீவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போது நான் திருச்சியில் பாதிரிமார்கள் நடத்திய ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். பெயர்தான் நீளமே தவிர, செய்கிற வேலை தவளையின் நான்கு கால்களையும் மெழுகுத் தட்டில் குண்டூசியால் குத்தி வைப்பது. குத்திய ஊசியைத் திருடிக்கொண்டு போகிற மாணவனைத் துரத்துவது. உத்தியோகம் தற்காலிகம். மார்ச் மாதம் முடிந்துவிடும். ஜூன் மாதம் கடவுளும் ஃபாதர் பிரின்சிபாலும் ஒருமனதாக விரும்பினால் மறுபடி தொடங்கும். இப்படி ஒவ்வொரு வருஷமும் மறுபிறவி எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் கஷ்டம் எனக்கில்லை, என் மாமாவுக்கு. என் அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, உத்தர வீதியில் இருந்தார். அவருடைய மகளை எனக்குத்தான் கொடுப்பது என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். தொட்டிலில் கிடந்தவள் வளர்ந்து, பி.ஏ. படித்து முடித்து, என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கவும் தொடங்கிவிட்டாள். என் உத்தியோகம்தான் தொட்டிலிலேயே கிடந்தது. என் அம்மா கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் மாமா ஒரே பதிலைத்தான் சொல்லுவார்.

"டெம்பரரி மாப்பிள்ளைக்குப் பெர்மனன்ட்டா பொண்ணக் குடுக்க முடியுமா, அக்கா? நீயே சொல்லு."

அம்மா என்னைப் பார்ப்பாள். நான் காலண்டரைப் பார்ப்பேன்.

அந்த மார்கழியில் விடிவு வந்தது. எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் நிரந்தரமாகக் காலியாயிற்று. பொங்கல் கழிந்து மதராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், நான் அவர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும், அவருக்குப் பிடித்தால் இடம் எனக்கு. பிடிக்காவிட்டால் வெளியாள் யாரையாவது போட்டுவிடுவார்கள். எங்கள் துறைத் தலைவர் பாலக்கரைக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பொய் பேசமாட்டார். எனக்குரிய பாடத்தை அவரே தேர்ந்தெடுத்தார்: சிறுநீரகம் சிறுநீரை எப்படிக் கெட்டியாக்குகிறது?

"ஏன் சார் இந்தப் பாடம்?" என்றேன்.

"புதுசா ஒரு புஸ்தகம் வந்திருக்குங்க தம்பி. இந்த அத்தியாயத்தைப் படிச்சேன். தலை சுத்துது. உங்களுக்குச் சின்ன வயசு, சுத்தினாலும் தாங்கும்."

புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் படித்தேன், சுற்றியது. இறங்கி நடக்கும்போது நினைத்துப் பார்த்தேன், இன்னும் சுற்றியது.

சிக்கல் இதுதான். சிறுநீரகம் ரத்தத்தை நாள் முழுக்கக் குடம் குடமாக வடிகட்டுகிறது. வடிகட்டியதில் பெரும்பங்கைத் திரும்ப உள்ளேயே எடுத்துக்கொண்டு, மிச்சம் கொஞ்சத்தைத்தான் வெளியே விடுகிறது. அதுவரைக்கும் பழைய புத்தகத்திலேயே இருந்தது. ஆனால் வெளியே விடுகிற அந்தக் கொஞ்சம், ரத்தத்தைவிட மூன்று நான்கு மடங்கு கெட்டியாக இருக்கிறது. அது எப்படி? உடம்புக்கு உப்பைப் பிடித்துத் தள்ளத் தெரியும்; தண்ணீரைத் தள்ளத் தெரியாது. தண்ணீர் தானாகத்தான் உப்பு இருக்கிற பக்கம் போகும். அப்படியானால் சிறுநீரகத்துக்குள் எங்கேயோ ரத்தத்தைவிட மிகவும் உப்பான ஓர் இடம் இருந்தாக வேண்டும். அந்த உப்பை யார் கொண்டுவந்து குவித்தது? கரைந்து ஓடாமல் யார் காவல் காப்பது?

இதற்குப் புத்தகம் சொன்ன பதில், ஒரு ஜெர்மானியர் பெயரில் வழங்கும் மெல்லிய குழாய். சிறுநீரகத்தின் வெளிப்பகுதியிலிருந்து நேராக உள்ளே இறங்குகிறது, ஆழத்தில் வளைகிறது, வந்த வழியை ஒட்டியே மேலே ஏறிவிடுகிறது. ஒரு காலில் இறக்கம், பக்கத்துக் காலில் ஏற்றம். எதிரெதிராக ஓடுவதால் உப்பு பெருகுகிறது என்று போட்டிருந்தது. ஏன் பெருகுகிறது என்பதற்கு அம்புக்குறிகள் போட்டிருந்தார்கள். அம்புக்குறிகளுக்கு மட்டும் விஷயம் புரிந்திருந்தது.

ஒருநாள் பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது எனக்குப் பொறி தட்டியது. இரண்டு கால்கள், நடுவில் ஓர் இடம். காவிரி ஒரு கால், கொள்ளிடம் ஒரு கால், நடுவில் உப்பு சேருகிற இடம் நம்முடைய ஸ்ரீரங்கம்! பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "ஸ்டாப்பிங் இன்னும் வரலைங்க, உக்காருங்க" என்றார். மேதைகளை இந்த உலகம் எப்போதுமே இப்படித்தான் நடத்தியிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மாமா குடும்பம் முக்கொம்புக்குக் கிளம்பியது. அம்மா என்னையும் அனுப்பிவைத்தாள். மாமி புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டாள். மாமா வழக்கம்போல் குடையை எடுத்துக்கொண்டார். வெயிலோ மழையோ பனியோ, வளைந்த பிடி போட்ட அந்தக் கறுப்புக் குடை இல்லாமல் அவரை ஸ்ரீரங்கத்தில் யாரும் பார்த்ததில்லை. ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்ததால் இரண்டு ஆறுகளிலும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற அந்த இடத்திலேயே என் கண்டுபிடிப்பை வெளியிடத் தீர்மானித்தேன். சாப்பிடுகிற நேரத்தில் சிறுநீர் என்று சொல்ல முடியாதாகையால் 'சரீரத்தில் மிச்சப்படும் ஜலம்' என்று சொல்லிச் சொல்லி முழுவதையும் விளக்கினேன்.

மாமா மகள் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, "அத்தான், காவேரி எந்தப் பக்கம் போறது?" என்றாள்.

"கிழக்கே."

"கொள்ளிடம்?"

நான் தயிர்சாதத்தில் மாங்காய் இஞ்சியைத் தேடினேன்.

"கொள்ளிடம் எந்தப் பக்கம் போறதுன்னு கேட்டேன்."

"அதுவும்... கிழக்கேதான்."

"உங்க குழாய்ல ஒண்ணு போகணும், ஒண்ணு திரும்பி வரணும்னு சொன்னேளே. ரெண்டும் போயிண்டே இருந்தா யார் திரும்பி வரது?"

"ரெண்டும் சமுத்திரத்துல போய்ச் சேரப் போறதுடி," என்றார் மாமா. "இவன் உத்தியோகம் மாதிரி."

மாமி சிரித்ததில் புளியோதரை புரையேறிவிட்டது. பிறந்த நாள் முதல் அந்தத் தீவில் இருந்துகொண்டு, இரண்டு ஆற்றிலும் குளித்துவிட்டு, அவை ஒரே திசையில் ஓடுகின்றன என்பதை மறந்துபோக ஒரு விலங்கியல்காரனால்தான் முடியும். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி என் துறைத் தலைவருக்குக்கூடத் தோன்றியிருக்காது என்று நினைத்தபோது, வெட்கத்தை மீறி வேறு என்னவோ பொங்கியது. இவளைக் கல்யாணம் செய்துகொள்ளாவிட்டால் ஆயுள் முழுக்கத் தப்புத்தப்பாகவே பேசிக்கொண்டிருப்பேன் என்று பட்டது.

கிளம்பும்போது அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவிக் கொடுத்தாள். "இதைக் கிளாஸுக்குக் கொண்டு போங்கோ. ரெண்டு கால் இருக்கு, நடுவுல வளைவு இருக்கு. காவேரியைச் சுமந்துண்டு போறதுக்கு இது லேசு."

குழாயின் வடிவம் கையில் வந்துவிட்டது. அது ஏன் உப்பைப் பெருக்குகிறது என்பது மட்டும் வரவில்லை. ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்னால் வைகுண்ட ஏகாதசி வந்தது. மாமாவின் உபவாசம் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். தசமி இரவோடு நிறுத்தினால் துவாதசி காலை பாரணையில் விரதத்தை முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தீர்த்தம்கூடத் தொடமாட்டார். மாமாவும் அவளும் நானுமாகக் கோயிலுக்கு நடந்தோம். வழியெல்லாம் அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"பாருடா, ஒரு பொட்டு ஜலம் உள்ள போகலை. நாக்கு வறண்டுதா? நடை தளர்ந்துதா? பேச்சு நின்னுதா?"

"பேச்சு நிக்கலை மாமா," என்று ஒப்புக்கொண்டேன்.

"எல்லாம் பகவத் சங்கல்பம்."

"அதோட, உங்க சிறுநீரகம் இருக்கற ஜலத்தை வெளியே விடாமப் பிடிச்சு வெக்கறது. அதனாலதான்..."

"பெருமாளைச் சேவிக்கப் போற வழியில பேசற பேச்சாடா இது?"

கூட்டம் சொல்லி முடியாது. சந்நிதிக்குப் போகிற நீண்ட குறுகலான பாதையில் கம்பு நட்டு இரண்டு கயிறுகள் கட்டியிருந்தார்கள். ஒரு கயிற்றுக்கு அந்தப்பக்கம் உள்ளே போகிற வரிசை. மற்றதற்கு இந்தப்பக்கம் வெளியே வருகிற வரிசை. இரண்டு கயிறுகளுக்கும் நடுவில் வாலண்டியர்கள் நடமாட ஒரு சின்ன இடைவெளி. நாங்கள் மூவரும் நெருக்கி நசுங்கி உள்ளே போய்ச் சேவித்தோம். அவளும் நானும் அப்பாவிகளாக வெளியே வந்து நின்றோம். மாமாவைக் காணோம்.

வந்துவிடுவார் என்று நின்றோம். வரவில்லை. நிற்கிற நேரத்தில் அவள்தான் முதலில் கவனித்தாள்.

"அத்தான், உள்ள போற வரிசையப் பாருங்கோ. மாசி மகம் மாதிரி போயிண்டிருக்கா. வெளியே வரவா ஒண்ணு ரெண்டு பேர்தான். போனவாள்லாம் எங்க?"

"உள்ளதான் இருப்பா."

"உள்ளயே இருக்க அது என்ன சத்திரமா? வரணுமோல்லியோ? அப்பா வேற பட்டினி. மயக்கம் கியக்கம் போட்டு விழுந்திருக்கப் போறார். போய்ப் பாருங்கோ."

மறுபடி உள்ளே போகிற வரிசையில் சேர்ந்தேன். இந்தத் தடவை பெருமாளை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்த்துக்கொண்டே போனதால் அதுவரை கண்ணில் படாதது பட்டது. சேவித்துவிட்டு வெளியே போகிற வரிசையில் நடக்கிறவர்கள், பத்தடி போனதும் வாலண்டியர் வேறுபக்கம் திரும்புகிற சமயம் பார்த்து, கயிற்றுக்கு அடியில் புகுந்து நடு இடைவெளிக்கு வந்துவிடுகிறார்கள். கொஞ்சம் பதுங்கி நிற்கிறார்கள். சமயம் வாய்த்ததும் அடுத்த கயிற்றுக்கு அடியிலும் புகுந்து, உள்ளே போகிற வரிசையில் ஒன்றும் அறியாதவர்கள்போல் சேர்ந்துகொண்டு, இன்னொரு சேவைக்குப் போய்விடுகிறார்கள். போய்விட்டு வந்து மறுபடி தாண்டுகிறார்கள். உள்ளே போகப் போக இடைவெளியில் பதுங்கியவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஆழத்தில், சந்நிதிக்குப் பக்கத்தில், மூச்சுவிட இடமில்லை. வெளிவாசல் பக்கமோ, எல்லோரும் வழியிலேயே தாண்டிவிட்டதால், ஆளே இல்லை.

இடைவெளியில் நெரிந்துகொண்டிருந்தவர்களில் உபவாசம் இல்லாதவர்கள் தாகத்தில் தவித்தார்கள். உள்ளே போகிற வரிசையில் வந்தவர்களிடம் கூஜா இருந்தது. "கொஞ்சம் தண்ணி குடுங்க, அம்மா" என்று ஒவ்வொருவராகக் கேட்க, சந்நிதியில் வரிசை திரும்புகிற வளைவுக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாக் கூஜாவும் வற்றிப்போயிற்று. வெளியே போகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்கிற முகமாக அவர்கள் இல்லை.

ஒரு வாலண்டியர் பித்தளைக் குடம் நிறையத் தண்ணீரோடு வெளிவாசல் பக்கத்திலிருந்து இடைவெளி வழியாக வந்தார். இரண்டடிக்கு ஒரு கை நீண்டது. ஆழத்துக்கு வந்தபோது குடத்தில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். இவர் குடத்துக்கு மூடி போட்டு இறுகக் கட்டியிருந்தார்கள். உள்ளே கைங்கரியத்துக்கு என்று மேலிடத்து உத்தரவாம். அதே கூட்டம், அதே தாகம். குடம் சொட்டுக் குறையாமல் போய்ச் சேர்ந்தது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் முதுகில் குத்தினார். அதுவும் சுகமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். வெளியே போகிற வரிசையிலிருந்து, குடையைத் திருப்பிப் பிடித்து, வளைந்த கைப்பிடியால் கயிற்றை நாசூக்காகத் தூக்கி, பக்கத்தில் நின்ற யாரோ இரண்டு பேருக்கும் வழிவிட்டு, தானும் குனிந்து இந்தப்பக்கம் வந்தார். பழகின கை.

"பெரியவரே!" என்றார் ஒரு வாலண்டியர். "இப்பதானே உங்கள வெளிய அனுப்பினேன்?"

"அது வேற யாராவதா இருக்கும்," என்றார் மாமா.

"இதே குடைங்க!"

"லோகத்துல ஒரே குடையா இருக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். ஒரு கணம் முகம் கறுத்தது. பிறகு கிட்டே வந்து காதில், "டேய், பாத்ததை வெளியில சொல்லாதே," என்றார்.

"இது எத்தனாவது சேவை மாமா?"

"எண்ணிண்டாடா சேவிப்பா?"

மாமாவை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் ஒரு சோடியம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

புத்தகத்து அம்புக்குறிகள் எல்லாம் வேட்டி கட்டிக்கொண்டு என் கண்முன்னால் நடந்தன. ஏறுகிற காலில் போகிற உப்பு, குழாயை விட்டுத் தாண்டி நடு இடத்துக்கு வருகிறது. அந்தக் காலின் சுவர் தண்ணீரை விடாது, உப்பை மட்டும் தள்ளும். நடுவில் சேர்ந்த உப்பு, இறங்குகிற காலிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. கூஜாக்கள் வற்றின மாதிரி. அதனால் வளைவுக்குப் போய்ச் சேருவது கெட்டியாகச் சேருகிறது. கெட்டியாகச் சேர்ந்ததே ஏறுகிற காலுக்குள் போவதால் தாண்டுவதற்கு இன்னும் நிறைய உப்பு கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஆழம் இன்னும் உப்பாகிறது. கடைசியில் சிறுநீரைக் கொண்டுபோகிற குழாய் அந்த உப்புக் கூட்டத்தின் நடுவிலேயே இறங்கியாக வேண்டும். பித்தளைக் குடம் வந்த மாதிரி. உடம்பில் தண்ணீர் குறைவு என்றால் மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற ஒரு சுரப்பி மூடியைத் திறக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறது. தண்ணீர் எல்லாம் கூட்டத்துக்குப் போய்விடும், மிச்சம் கொஞ்சம் கெட்டியாக வெளியேறும். தண்ணீர் மிகுதி என்றால் ஆள் அனுப்பாது. மூடி மூடியே இருக்கும், குடம் நிறைந்தபடி வெளியே போகும்.

கறாராகப் பார்த்தால் உண்மையான உப்பு மாமா மாதிரி அடுத்த வரிசையில் ஏறிக்கொள்வதில்லை. நடுவிலேயே நின்று தண்ணீரை இழுப்பதுதான் அதன் பெரும்பாலான வேலை. மாமாவுக்கு அந்த அளவு பொறுமை கிடையாது.

மாமாவை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "அப்பாக்கு என்ன ஆச்சு?" என்று அவள் ஓடிவந்தாள். "அப்பாக்கு ஒண்ணும் ஆகலை. எனக்குத்தான் ஆயிடுத்து. புரிஞ்சுடுத்து!" என்று நடுவீதியில் கத்தினேன். மாமா, "பட்டினி நானா, இவனா?" என்று கேட்டபடி நடந்தார்.

துறைத் தலைவரிடம் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தார்.

"சார், கிறிஸ்தவக் காலேஜ்ல ஏகாதசி வரிசையைச் சொன்னா ஃபாதர் ஏதாவது நினைப்பாரா?"

"என்ன நினைக்கறது? எங்க மாதா திருவிழாவுல மட்டும் என்ன வாழுதாம்? சுரூபத்தைத் தொட்டு முத்தி செய்ய, அதாங்க முத்தம் குடுக்க, நானே ரெண்டு தடவ கயிறு தாண்டியிருக்கேங்க. எங்க வீட்டம்மா மூணு."

"அப்ப நீங்களும் உப்பு சார்."

"ஆமா தம்பி. பைபிள்லயே எங்களை 'பூமிக்கு உப்பு'ன்னுதான் சொல்லியிருக்கு."

மாதிரி வகுப்பு வந்தது. மதராஸ் பேராசிரியர் முன்வரிசையில் உட்கார்ந்தார். கோட்டும் டையும் போட்டு, சிரிப்பு என்பதை ஒரு தொற்றுநோயாகக் கருதுகிற முகத்தோடு இருந்தார். நான் கொண்டை ஊசியைத் தூக்கிக் காட்டி, குழாயின் வடிவத்தைச் சொல்லிவிட்டு, ஊசியை அவர் கையிலேயே கொடுத்தேன். பிறகு ஹாஸ்டலில் துணி காயப்போடுகிற கொடிக்கயிறு இரண்டைக் கட்டி, மாணவர்களை எழுப்பி நடக்கவிட்டேன்.

இந்தப் பையன்களிடம் ஒரு தவளையை ஒழுங்காகக் கிடத்தச் சொன்னால் கிடத்தமாட்டார்கள். கயிறு தாண்டச் சொன்னால் பிறவிப்பயன் அடைந்த மாதிரி தாண்டினார்கள். நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவன், "சார், எங்க கந்தூரி விழாவுலயும் இதேதான் சார்!" என்று கத்திக்கொண்டே மூன்றாவது சுற்று போனான். எப்படித் தாண்டுவது என்று தயங்கிய ஒருவனுக்கு, நானே ஒரு மாணவனின் குடையை வாங்கிக் கைப்பிடியால் கயிற்றைத் தூக்கிக் குனிந்து செய்து காட்டினேன். "பட்டினியாக இருந்த ஒரு பெரியவர் இப்படித் தாண்டினார்" என்றேன். பெயர் சொல்லவில்லை. வளைவுப் பக்கம் நெரிசலில் ஒரு பெஞ்சு கவிழ்ந்தது. வெளிவாசல் பக்கம் ஒரே ஒருவன் தனியாக, வருத்தமாக நின்றான்.

மூடியைத் திறந்தும் போட்டும் குடத்தோடு போன மாணவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஒவ்வொரு நடைக்கும் முதல் தம்ளரை மரியாதையாகப் பேராசிரியரிடம் நீட்டினான். அவரும் மறுக்கத் தெரியாமல் குடித்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "கயிறு தாண்ட உழைப்பு வேண்டுமே. சும்மா தாண்ட முடியாது. உங்கள் பெரியவர் பட்டினி என்கிறீர்கள். எங்கிருந்து வந்தது தெம்பு?"

"அவருக்குப் பக்தியிலிருந்து வந்தது, சார். சிறுநீரகத்துக்குப் பக்தி கிடையாது. அதனால்தான் இத்தனூண்டு உறுப்பு இத்தனை ரத்தத்தையும் பிராணவாயுவையும் கேட்கிறது. உப்பைத் தள்ளுகிற கூலி அது."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

நான் சாக்பீஸோடு நின்றேன். துறைத் தலைவர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். என் நிரந்தரமும், உத்தர வீதியும், முக்கொம்பும் அந்த வாசல் வழியாக வெளியே போய்விட்டதாகவே பட்டது. கவிழ்ந்த பெஞ்சை யாரோ மெதுவாக நிமிர்த்தினார்கள்.

கொஞ்சம் பொறுத்து அவர் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. அதுவரை இங்கிலீஷைத் தவிர வேறு பேசாதவர் தமிழில் சொன்னார்:

"மன்னிக்கணும் சார். எனக்கு மூடி போட்டுட்டாங்க. குடம் நிறைஞ்சே போய்ச் சேர்ந்தது."

அன்று அந்தக் கூரை எப்படித் தாங்கியது என்று எனக்கு இன்னும் தெரியாது. மாலைக்குள் துறைத் தலைவர் என் கையைப் பிடித்து, "லெக்சரர் சார், ஸ்வீட் எங்கங்க?" என்றார்.

லாலா கடை அல்வாவோடு பஸ்ஸில் ஏறினேன். ஆனால் எனக்கு முந்தின பஸ்ஸிலேயே ஸ்ரீரங்கத்து மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். நான் பெயர்தான் சொல்லவில்லை; குடையைச் சொல்லிவிட்டேனே. வீட்டு வாசலிலேயே அம்மா நின்றாள். "மாமா உன்னைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கார். ரொம்பக் கோபமா இருக்காராம். என்னடா பண்ணினே?"

மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். குடை ஆணியில் மாட்டியிருந்தது. அவள் ஒரு பக்கம் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வாடா," என்றார் மாமா. "நான் உப்பாமே?"

அல்வாவை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"தெருவுல நடந்து வரேன். உன் காலேஜ்ப் பசங்க ரெண்டு பேர் எதிர்ல வந்தான்கள். என்னைப் பாத்து, 'சோடியம் மாமா, சௌக்கியமா'ங்கறான்கள்!"

மொச்சைத் தட்டு லேசாகக் குலுங்கியது.

"மாமா, நீங்க சாதாரண உப்பு இல்லை. அந்த உப்பு தாண்டலேன்னா சரீரத்துல ஒரு சொட்டு ஜலம் நிக்காது. உங்க உபவாசமே நடக்காது."

"என்ன சொல்றே?"

"ஏகாதசி அன்னிக்கு ஒரு பொட்டுத் தீர்த்தம் இல்லாம நீங்க நடந்தேள், பேசினேள். எப்படி? உள்ளே அந்த உப்பு நாள் பூரா கயிறு தாண்டிண்டே இருந்தது. அது தாண்டினதாலதான் நீங்க தாண்ட முடிஞ்சது."

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப அது தாண்டறது தப்பில்லே?"

"கைங்கரியம் மாமா."

"மதராஸ்காரர் ஒத்துண்டாரா?"

"ஒத்துண்டார். வேலை பெர்மனன்ட் ஆயிடுத்து."

மாமா மெதுவாக எழுந்தார். கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்போல் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "அடியே!" என்று உள்ளே குரல் கொடுத்தார். "பஞ்சாங்கத்தை எடுத்துண்டு வா. தை பாதி போயிடுத்து. அந்த அல்வாவையும் வாங்கிக்கோ, எவ்வளவு நாழி கையிலயே வெச்சுண்டு நிப்பான்?"

அவர் பஞ்சாங்கத்தோடு மாடிக்குப் போனதும் அவள் நிமிர்ந்தாள்.

"என் ஊசி எங்க?"

சட்டைப் பையைத் தடவினேன். அப்போதுதான் நினைவு வந்தது. "அவர் கையில குடுத்தேன். பையில போட்டுண்டு போயிட்டார்போல. மெட்ராஸ் போயிடுத்து."

"பொம்மனாட்டி தலை ஊசியப் பையில வெச்சுண்டு ஆத்துக்குப் போனா, அவர் ஆத்துக்காரிக்கு என்ன பதில் சொல்லுவார், பாவம்!" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் மொச்சை கூடமெல்லாம் உருண்டது. குனிந்து பொறுக்கினேன். நிரந்தர உத்தியோகத்தில் நான் செய்த முதல் வேலை அதுதான்.

மறுவருஷ ஏகாதசிக்கு மாமா எங்களோடுதான் கோயிலுக்கு வந்தார். வாலண்டியர் அவரைக் கயிற்றடியில் பிடித்தபோது, "இவர் எங்க மாப்பிள்ளை. காலேஜ்ல இதைத்தான் பாடமா நடத்தறார். வேணும்னா கேட்டுக்கோங்கோ," என்று என்னைக் கைகாட்டிவிட்டுக் குனிந்து போய்விட்டார். வாலண்டியர் என்னைப் பார்த்தார். நான் அவருக்குச் சிறுநீரகத்தை விளக்கத் தொடங்கினேன். அந்த நேரத்தில் பின்னால் என் மனைவியும் கயிற்றைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.